கழற்றுமுன் கேளுங்கள்

பதினெட்டு வயது நிரம்பிய மாருதி 800 ஒன்றுக்குக் கியர்பாக்ஸ் மாற்றினேன் என்று சொன்னதும் மூவர் மூன்று விதமாகப் பேசினர். துறையில் மூத்தவர் ஒருவர், "அந்தப் பணத்துக்கு நல்ல ஒலிப்பதிவுக் கருவி வாங்கியிருக்கலாமே" என்றார். விடுதி நண்பர், "எடைக்குப் போட்டிருக்கலாம்" என்றார். ஊரிலிருந்து அழைத்த சித்தப்பா, "பெரிய ஒர்க்‌ஷாப்காரன் சொன்னப்பவே முழுசா மாத்தியிருந்தா நடுரோட்டுல நின்னிருப்பியா?" என்றார். முதலிருவரையும் விட்டுவிடுகிறேன். சித்தப்பாவுக்கு மறுமொழி சொல்லவே இப்பதிவு. அவர் சொன்னதைத்தான் படித்தவர்களில் பெரும்பாலோர் நம்புகின்றனர் என்பதால் சற்று நீட்டியே எழுதுகிறேன்.

என் வாதம் இதுதான்: எது பழுது என்று கண்டறியாமல் ஒரு பாகத்தை மாற்றுவது பழுதுநீக்கம் அன்று, அது விற்பனை. பழைய வண்டிகளின் மரணச் சான்றிதழில் 'வயது' என்று எழுதப்படுகிற இடத்தில் பல நேரங்களில் 'சோதிக்காமல் கழற்றியது' என்று எழுதியிருக்க வேண்டும். என் வண்டியின் கதை அதற்குச் சான்று.

கள ஆய்வுக்காக ஆண்டுக்கு ஐந்தாறு முறையேனும் ஹைதராபாத்திலிருந்து ஆதிலாபாத் பக்கம் போய்வர வேண்டியவன் நான். கோலாமி பேசும் குடியிருப்புகள் பல, பேருந்து நிற்கும் இடத்திலிருந்து தொலைவில் உள்ளவை. உதவித்தொகையில் வாழ்பவனுக்கு வாடகைக் கார் கட்டாது. ஆகவே ஓய்வுபெற்ற ஒருவரிடமிருந்து 45,000 ரூபாய்க்கு இந்த 800-ஐ வாங்கினேன். 2007-ஆம் ஆண்டுப் பதிவு, 796 சிசி, மூன்று சிலிண்டர், நான்கு கியர். 2022-இல் பதினைந்தாண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கும் வேளையில், அதுவரை 600 ரூபாயாக இருந்த கட்டணம் அவ்வாண்டு ஏப்ரல் முதல் 5,000 ஆகியிருந்தது; அதையும் கட்டினேன். வண்டி தகுதிச் சோதனையில் தேறியது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. 2021-இல் அறிவிக்கப்பட்ட வாகனக் கழிப்புக் கொள்கைகூடச் சோதித்துப் பார்த்துத் தகுதியற்றதென்று கண்ட பிறகே தனியார் வண்டியைக் கழிக்கச் சொல்கிறது. 'எடைக்குப் போடு' என்னும் நண்பர்கள் அரசாங்கத்தைவிடவும் அவசரக்காரர்கள்.

சென்ற ஆண்டு மழைக்காலத் தொடக்கத்தில் வண்டியில் ஓர் ஊளைச் சத்தம் எழத் தொடங்கியது. எஞ்சின் ஓட, கியர் நியூட்ரலில் இருக்க, வண்டி நிற்கும்போதே கேட்கும். நகரின் பெரிய பணிமனை ஒன்றுக்குக் கொண்டுபோனேன். குளிரூட்டிய வரவேற்பறை, கணினியில் பணிச்சீட்டு, கழுத்தில் அட்டை தொங்கும் ஆலோசகர். அவர் வண்டியை எடுத்துச் சுற்றுச்சுவரைச் சுற்றி இரண்டு நிமிடம் ஓட்டிவிட்டு, "கிளட்ச் செட் போய்விட்டது" என்றார். கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் மாற்றப்பட்டன. 6,800 ரூபாய். மறுநாள் சாவியைத் திருப்பியதும் அதே ஊளை.

திரும்பப் போனேன். "அப்படியானால் கியர்பாக்ஸ். அசெம்ப்ளியாக மாற்ற வேண்டும், 38,000 ஆகும்" என்றார். 'அப்படியானால்' என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். முதல் ஊகம் பொய்த்ததே இரண்டாம் ஊகத்துக்குச் சான்றாகிவிட்டது. இடையில் எந்தச் சோதனையும் நிகழவில்லை. முதல் ஊகத்துக்கான விலையையும் நான்தான் கொடுத்திருந்தேன். அவரே தொடர்ந்து, இவ்வளவு செலவு செய்வதைவிடப் புதிய வண்டிக்கு மாற்றிக்கொண்டால் பழையதற்கு ஒரு தொகை கழிவு கிடைக்கும் என்று ஒரு வண்ணத்தாளை நீட்டினார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த மூன்று வாரங்களில் நான் செய்த தவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விடுதி வாசலில் வண்டி நிற்குமிடத்தில் தரையில் எண்ணெய்ச் சொட்டுகள் தெரிந்தன. பக்கத்தில் நிற்கும் வேறொருவரின் காரிலிருந்து வந்தவை என்று எண்ணிக்கொண்டேன். குனிந்து பார்க்கவில்லை.

நிர்மலுக்குச் சற்று முன்பாக, நெடுஞ்சாலையில், மூன்றாம் கியர் தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வந்தது. மீண்டும் போட்டேன்; மீண்டும் துள்ளியது. பிறகு ஊளை ஒரு கரகரப்பாக மாறி, அப்புறம் எதையோ அரைப்பது போலாயிற்று. ஒரு டிராக்டர் கயிறு கட்டி இழுத்துக்கொண்டுபோய் ஒரு தகரக் கொட்டகையில் விட்டது.

அங்கிருந்த முதியவரை எல்லோரும் உஸ்தாத் என்று அழைத்தனர். இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் மூத்த தொழிலாளிக்கு வழங்கும் பெயர் அது. ஆசான் என்று பொருள். பொருளைக் காதில் வாங்காமலேயே எல்லோரும் அழைக்கிறோம்.

அவர் முதலில் எதையும் கழற்றவில்லை. எஞ்சினை ஓட்டச் சொன்னார், கியர் நியூட்ரல். சத்தம் வந்தது. "கிளட்ச்சை மிதி" என்றார். மிதித்தேன், சத்தம் அடங்கியது. "விடு." மீண்டும் எழுந்தது. மூன்று முறை அதையே செய்வித்துவிட்டு, "கிளட்ச் செட் புதுசா மாற்றினாயா? எதற்கு?" என்று கேட்டார்.

நான் மொழியியல் படித்தவன். முதலாண்டு முதற்பருவத்தில் எங்களுக்குக் கற்றுத்தரப்படும் முதன்மையான கருவி குறையொலி இணை. 'பல்', 'பள்' என்று இரண்டு சொற்களை எடுத்துக்கொள்கிறோம். ஒலியில் ஒன்றே ஒன்று மாறுகிறது, மற்றவை அப்படியே இருக்கின்றன, பொருள் மாறிவிடுகிறது. ஆகவே மாறிய அந்த ஒலிதான் வேறுபாட்டுக்குக் காரணம். உஸ்தாத் செய்ததும் இதையே. எஞ்சின் ஓடுகிறது, வண்டி நிற்கிறது, கியர் இல்லை, இவை மாறவில்லை. மிதி மட்டும் மாறுகிறது. மிதி மேலே இருக்கும்போது கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் எஞ்சினுடன் சுழலும். மிதித்தால் ஷாஃப்ட் நின்றுவிடும், ரிலீஸ் பேரிங் அழுத்தம் ஏற்றுச் சுழலும். மிதித்ததும் சத்தம் எழுந்தால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். மிதித்ததும் அடங்கினால் கியர்பாக்ஸுக்குள் இன்புட் ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். என் வண்டியில் அடங்கியது. முதல் நாளிலிருந்தே அடங்கிக்கொண்டுதான் இருந்தது. பத்து விநாடி, ஒரு கால், இரண்டு காது. வேறு கருவியே வேண்டாம். அந்தக் குளிரூட்டிய பணிமனையில் ஒருவரும் அந்தப் பத்து விநாடியைச் செலவிடவில்லை.

அதோடு அவர் நிற்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, கியர்களை ஒவ்வொன்றாகப் போட்டார். பிறகு எஞ்சின் ஓட, கிளட்ச்சை மிதித்துப் போட்டார். இரண்டு நிலையிலும் ஒரே அளவு இலகு என்றால் கிளட்ச் ஒழுங்காக விடுபடுகிறது. அணைத்திருக்கும்போது எளிதாகவும் ஓடும்போது அடம்பிடித்தும் விழுந்தால்தான் கேபிளையும் கிளட்ச்சையும் பார்க்க வேண்டும். அடுத்து, எஞ்சின் அணைந்த நிலையில், நியூட்ரலில், இரு பையன்களை விட்டு வண்டியைத் தள்ளச் சொல்லிச் சக்கரத்தோடு சக்கரமாகக் குனிந்து நடந்தார். சத்தமில்லை. சக்கர பேரிங்கும் டிஃபரன்ஷியலும் பட்டியலிலிருந்து நீங்கின. ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்துத் தள்ளச் சொன்னார். 'கட்கட்' வரவில்லை, வெளிப்புற ஜாயின்ட்டும் நல்லது.

ஒவ்வொரு சத்தத்துக்கும் அவரிடம் தனித்தனிச் சொல் இருந்தது. பேரிங்குக்கு 'ஊங்', பல் உடைந்த கியருக்கு 'டக்டக்', ஜாயின்ட்டுக்கு 'கட்கட்', எண்ணெயின்றி உரசுவதற்குக் 'கர்கர்'. அவர் தக்கனியில் பேசினார், உதவிப் பையன்கள் தெலுங்கில் பேசினர், நான் தமிழன். ஒருவர் சொன்ன ஒலிக்குறிப்பை மற்றவர் கேட்டுப் பொருள் விளங்கிக்கொள்வதில் இடரே ஏற்படவில்லை. எமனோ 1969-இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் இத்தகைய ஒலிக்குறிப்புச் சொற்களை இந்திய மொழிகள் குடும்ப எல்லை கடந்து பகிர்ந்துகொள்ளும் ஒரு பண்பாகக் காட்டினார். இரட்டைக்கிளவி என்று தொல்காப்பியம் முதற்கொண்டு நாம் இலக்கணம் வகுத்திருக்கிறோம். அதே சொற்களை ஒரு பட்டறைக்காரர் நோயறியும் கலைச்சொற்களாகத் துல்லியமாக ஆளும்போது மட்டும் 'படிக்காதவன் குத்துமதிப்பாகச் சொல்கிறான்' என்கிறோம். அந்தப் பணிமனைப் பணிச்சீட்டில் என் புகார் எப்படிப் பதிவாகியிருந்தது தெரியுமா? 'சத்தம்' என்று ஒரே சொல். எந்தச் சத்தம், எப்போது, எதை மிதித்தால் என்பதற்கு அங்கே இடமே இல்லை. குத்துமதிப்பு எங்கே இருந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

(இடையில் ஒன்று. 'கியர்பாக்ஸ் என்று எழுதலாமா, பல்லிணைப் பெட்டி என்று எழுதக்கூடாதா' எனச் சினப்போர் இருப்பார்கள் என்றறிவேன். அந்தப் பெட்டியைத் திறந்து கையில் கறை படிந்தவர்கள் எச்சொல்லை ஆள்கிறார்களோ அச்சொல்லையே ஆள்கிறேன். அவர்களைக் கேட்டு ஒரு கலைச்சொல் அகராதி செய்யுங்கள். முதற்படியை நான் வாங்குகிறேன்.)

அதன் பிறகுதான் ஸ்பானரை எடுத்தார். எண்ணெய் அளவு பார்க்கும் போல்ட்டைக் கழற்றி விரலை விட்டார். விரல் உலர்ந்தே வந்தது. கீழ் போல்ட்டைத் திறந்தார். ஏறக்குறைய இரண்டு லிட்டர் வடிய வேண்டிய இடத்தில் அரை லிட்டர்கூட வரவில்லை. கறுத்து, தீய்ந்த நெடியடித்தது. உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அந்தத் தட்டில் துழாவினார். சாம்பல் நிறச் சேறு ஒட்டியது. அது தேய்மானம், எல்லாப் பழைய பெட்டியிலும் இருக்கும் என்றார். சேற்றுக்குள் அரிசி நொய்யளவு ஒரு துண்டு. அது கியர் பல். காந்தத்தில் ஒட்டாமல் தட்டில் பொன்துகளாக மின்னியது பித்தளை, சிங்க்ரோ வளையத்தினுடையது. ஒரு தட்டு எண்ணெயில் அந்தப் பெட்டியின் வரலாறு முழுவதும் கிடந்தது.

எண்ணெய் எங்கே போனது? இடப்பக்க டிரைவ் ஷாஃப்ட் பெட்டிக்குள் நுழையுமிடத்தில் இருக்கும் ஆயில் சீல் வழியாக. அதன் உதடு ஓரிடத்தில் கிழிந்திருந்தது. தேய்ந்து கிழிந்ததன்று, புதிதாகக் கீறிய கிழிசல். உஸ்தாத் அதைச் சுட்டிக்காட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

இந்த வண்டியில் கிளட்ச்சை மாற்ற வேண்டுமென்றால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அதை இறக்க எண்ணெயை வடித்து, இரு டிரைவ் ஷாஃப்ட்டுகளையும் உருவ வேண்டும். திரும்பச் செருகும்போது பழைய, இறுகிப்போன சீலின் உதட்டில் ஷாஃப்ட்டின் முனை கீறிவிட வாய்ப்புண்டு. அதனால்தான் ஷாஃப்ட்டை உருவினால் சீலையும் மாற்றிவிடுவது பட்டறை வழக்கம். விலை அற்பம். பணிமனை கொடுத்த ரசீதைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். கிளட்ச் தட்டு இருந்தது; பிரஷர் பிளேட் இருந்தது; ரிலீஸ் பேரிங், கூலி, வரி எல்லாம் இருந்தன. ஆயில் சீல் என்றொரு வரி இல்லை. கியர் ஆயில் என்றொரு வரியும் இல்லை. வடித்த பழைய எண்ணெயையே திரும்ப ஊற்றினார்களா, ஊற்றினார்களா என்பதே ஐயமா, இனி யாரும் சொல்லப் போவதில்லை.

சித்தப்பா, இங்கே கவனியுங்கள். நான் முதன்முதலாக அந்த வாசலில் நுழைந்தபோது என் வண்டிக்கு இருந்த நோய் ஒரு பேரிங். பெட்டியை ஒருமுறை இறக்கி, அந்தப் பேரிங்கையும் சீல்களையும் மாற்றிப் புது எண்ணெய் ஊற்றியிருந்தால் கதை முடிந்தது. அதற்காகவே திறக்க வேண்டியிருந்த பெட்டியை அவர்கள் இறக்கினார்கள். பேரிங்கை ஏறெடுத்தும் பாராமல், நன்றாக இருந்த கிளட்ச்சை மாற்றி, சீலைக் கிழித்து ஏற்றிவிட்டார்கள். கியர்பாக்ஸ் செத்தது அந்தச் சிகிச்சையால். பிறகு அந்தச் சாவையே காட்டி 38,000 கேட்டார்கள். 'பெரிய இடம் சொன்னதைக் கேட்டிருந்தால்' என்கிறீர்கள்; கேட்டதால்தான் இது நேர்ந்தது.

உஸ்தாதும் இறுதியில் பெட்டியை மாற்றத்தான் சொன்னார். மாற்றுவதற்கு எதிரி அல்லன் நான். மூன்றாம் கியரில் பல் போயிருந்தது, சிங்க்ரோ தேய்ந்திருந்தது, எண்ணெயின்றி ஓடியதில் ஷாஃப்ட் நீலம் பாரித்திருந்தது. பாகம் பாகமாக வாங்கிக் கோப்பதைவிட நல்ல பழைய பெட்டி ஒன்று மலிவு என்று கணக்குப் போட்டுக் காட்டினார். இங்கே மாற்றம் ஒரு முடிவாக வந்தது. அங்கே அது தொடக்கமாகவும் முடிவாகவும் இருந்தது.

மறுநாள் இருவரும் நிஜாமாபாத்துக்குப் பேருந்தேறினோம். பழைய உதிரிபாகக் கடையில் 800-இன் பெட்டிகள் நான்கு கிடந்தன. துடைத்துப் பளபளப்பாக்கி வைத்திருந்ததை அவர் தொடவே இல்லை. 'கழுவியவன் எதையோ மறைக்கிறான்' என்பது அவர் கணக்கு. அழுக்கேறிய ஒன்றின் இன்புட் ஷாஃப்ட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார், ஆட்டமில்லை. நான்கு கியரும் ரிவர்ஸும் கையாலேயே போட்டுச் சுற்றினார். உள்ளே எஞ்சியிருந்த எண்ணெயை விரலில் எடுத்து மோந்தார், காந்தம் விட்டார். 7,500 ரூபாய்க்குப் படிந்தது. பேருந்தின் பின்பக்கச் சாமான் அறையில் ஏற்றியபோது நடத்துநர் அதற்கு ஓர் ஆள் கட்டணம் கேட்டார். உஸ்தாத் தன் வாழ்க்கையில் அன்றுதான் முதன்முறையாகப் பேரத்தில் தோற்றார் என்று நினைக்கிறேன்.

வண்டியில் ஏற்றுமுன் வாங்கிவந்த பெட்டிக்கு எல்லா ஆயில் சீல்களும் புதிதாகப் போட்டார். பழைய பெட்டியைச் சாய்த்த காரணம் புதியதையும் சாய்க்கும் என்பதால் முதலில் காரணத்தை நீக்க வேண்டும் என்றார். எண்ணெய் விஷயத்திலும் விடாப்பிடி. பக்கத்துக் கடைக்காரர் நீட்டிய ஜிஎல்-5 டப்பாவைத் திருப்பியனுப்பி, ஜிஎல்-4 தான் வேண்டும் என்றார். ஜிஎல்-5 எண்ணெய்களில் கூடுதலாகச் சேர்க்கப்படும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் சிங்க்ரோவின் பித்தளையை அரிக்கக்கூடும். அவர் வேதியியல் பெயரைச் சொல்லவில்லை; "அது மஞ்சளைத் தின்னும்" என்றார்.

ஆக மொத்தம்: பெட்டி 7,500, சீல்கள் 350, எண்ணெய் 850, கூலி 2,500. "சோதித்துப் பார்த்தீர்களே, ஒரு மணி நேரம், அதற்கு?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "சத்தம் கேட்டதற்கும் காசா?"

என் சினம் முழுவதும் இந்த இடத்தில்தான் குவிகிறது. அது பெரிய பணிமனையின் மீது மட்டுமன்று. மருத்துவர் நாடி பார்ப்பதற்குக் கட்டணம் கொடுக்கிறோம். மருந்தே எழுதாவிட்டாலும் கொடுக்கிறோம். வக்கீல் கேட்பதற்குக் கொடுக்கிறோம். வண்டியைக் கேட்பவருக்கு மட்டும் கொடுப்பதில்லை. கொடுக்காத நாம், பாகம் விற்றால்தான் வருமானம் என்ற நிலையில் அவரை நிறுத்திவிட்டு, 'தேவையில்லாததையெல்லாம் மாற்றுகிறான்' என்று குறைசொல்கிறோம். பெரிய இடங்களோ கண்டறிதலுக்குக் கூலியில்லாததையே வசதியாக்கிக்கொண்டு, பாகத்தை மாற்றிப் பார்ப்பதையே சோதனை என்று வைத்துக்கொண்டுவிட்டன. உதிரிபாகமும் தொழில்நுட்பத் தகவலும் வெளிப் பட்டறைகளுக்குத் தாராளமாகக் கிடைக்கவிடாமல் கட்டுப்படுத்தியதற்காக 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. தொடர்ந்து மேல்முறையீடுகள் நடந்தன. 2022-இல் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமைக்கெனக் குழு அமைத்தது. மோட்டார் வண்டிகளும் அதன் வரம்பில் வந்தன. பாகம் வாங்கும் உரிமை பற்றி இவ்வளவு பேசியாயிற்று. பழுது இன்னதென்று அறியும் உரிமை பற்றி யார் பேசுவது?

ஆகவே அந்தப் பணிமனைக்கு எழுதிய கடிதத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்டதோடு இரண்டு கோரிக்கைகளையும் சேர்த்தேன். எந்தப் பாகத்தை மாற்றச் சொன்னாலும், என்ன சோதனை செய்தோம், என்ன கண்டோம் என்று பணிச்சீட்டில் இரண்டு வரி எழுதிக் கையொப்பமிட வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் வாங்கிக்கொள்ளட்டும், கொடுக்கிறேன். கழற்றிய பழைய பாகத்தைக் கேளாமலேயே வாடிக்கையாளர் கையில் தர வேண்டும். 'தங்கள் கருத்து எங்களுக்கு மதிப்புமிக்கது' என்று கணினி ஒன்று மறுமொழி அனுப்பியிருக்கிறது. இதைப் படிப்பவர்கள் அடுத்த முறை பணிச்சீட்டில் கையெழுத்திடுமுன் அந்த இரண்டு வரிகளைக் கேட்டுப் பாருங்கள். தெருமுனைப் பட்டறையாயின், கேட்டறிந்ததற்குத் தனியே ஒரு தொகையை வைத்துவிட்டு வாருங்கள்.

உஸ்தாதிடம் 500 ரூபாயை அவ்வாறு வைத்தேன். வாங்க மறுத்தார், பிறகு, செத்த பெட்டியை விட்டுவிட்டுப் போனால் சரியாகப் போகும் என்றார். எதற்கென்று புரியவில்லை. நான் கிளம்புமுன் அதைப் பிளந்து, நீலம் பாரித்த அந்த இன்புட் ஷாஃப்ட்டை வெட்டி எடுத்து, துடைத்துச் சுவராணியில் மாட்டினார். அடுத்து வரும் 800-க்குக் கிளட்ச் தட்டை மையம் பிடித்துப் பொருத்த அதுதான் கருவியாம். வண்டி இப்போது ஓடுகிறது. குளிர்ந்த காலையில் இரண்டாம் கியர் மட்டும் சற்று முரண்டு பிடிக்கிறது. அதையும் முன்கூட்டியே சொல்லித்தான் அனுப்பினார்.